காது இரைந்தால் காத்திருக்காதீர்கள்!

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் ஒரு மாதத்துக்கு முன் போன் செய்தார். "தம்பி, இந்த வருஷம் நீ பேசணும். வேலை வாய்ப்பு, வெளிநாட்டு அனுபவம், அந்த மாதிரி ஏதாவது சொல்லுப்பா" என்றார். "அண்ணே, நான் காதைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "காதா? நீ மெக்கானிக்கல்தானே படிச்சே?" என்றார். ஆமாம், மெக்கானிக்கல்தான் படித்தேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் காது விஷயத்தில் ஒரு பொறியாளன் செய்யக்கூடாத தவறு ஒன்றைச் செய்துவிட்டேன். அதை நீங்கள் யாரும் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

மூன்றாம் ஆண்டு ஆய்வக வகுப்பு நினைவிருக்கிறதா நண்பர்களே? ஓடிக்கொண்டிருக்கும் பம்பின் பேரிங் மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்கச் சொல்வார் நம் பேராசிரியர். "நல்ல பேரிங் முனகும். கெட்ட பேரிங் அரைக்கும். வெளியே தெரியறதுக்கு முன்னாடி அது உள்ளே சொல்லிடும்பா" என்பார். அந்த ஒரு பாடத்தை வைத்துத்தான் இன்று வரை நான் சோறு சாப்பிடுகிறேன். ஒரு சிமென்ட் ஆலையில் அதிர்வுகளை அளந்து, எந்த இயந்திரம் எப்போது படுக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் வேலை. இப்போது அதற்குக் கருவிகள் இருக்கின்றன. இருந்தாலும் பழைய பழக்கம் போகவில்லை. இடது கையில் ஸ்க்ரூ டிரைவர், இடது காதில் பிடி, வலது கையில் பேனா.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. தூங்கி எழுந்தபோது இடது காதில் "ஸ்ஸ்ஸ்" என்று ஓர் இரைச்சல். குக்கரில் ஆவி கசிகிற மாதிரி. போன் வந்தது. எடுத்து வழக்கம்போல இடது காதில் வைத்தேன். சத்தமே இல்லை. போன் கெட்டுப்போச்சு என்றுதான் நினைத்தேன். தற்செயலாக வலது காதுக்கு மாற்றினேன். நன்றாகக் கேட்டது! அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "ஜலதோஷம், காது அடைச்சிருக்கு" என்று முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டில் அம்மா தேங்காய் எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டு, வெதுவெதுப்பாகக் காதில் விட்டார்கள். அம்மாவின் அன்பில் குறை இல்லை; ஆனால் அந்த எண்ணெய் செவிப்பறைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். என் கோளாறு அந்தப் பக்கம், வெகு உள்ளே இருந்தது. நான்கு நாள் கழித்து ஒரு கிளினிக் போனேன். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, சளி மாத்திரையும் சொட்டு மருந்தும் எழுதி, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். காது கேட்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நடுவில் ஆலையில் வருடாந்தரப் பராமரிப்பு வேலை. அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் ஒரு காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போனேன். அவர் இசைக்கவையை முழங்கையில் தட்டி, என் நெற்றியின் நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேட்குது?" என்றார். "வலது பக்கம் சார்" என்றேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, அவர் முகம் மாறிவிட்டது. அன்றே கேட்புத்திறன் பரிசோதனை எடுத்தார்கள். இடது காதில் 70 டெசிபல் இழப்பு. "முதல் வாரத்திலேயே வந்திருக்கக் கூடாதா தம்பி?" என்று அவர் கேட்ட கேள்வி, அந்த இரைச்சலோடு சேர்ந்து இன்னும் என் காதில் இருக்கிறது. செவிப்பறை வழியாக ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அடித்தொனிகள் கொஞ்சம் திரும்பின. மற்றது திரும்பவில்லை. இப்போது நீங்கள் கை தட்டினால் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. திசையறிய இரண்டு காது வேண்டும்.

பேரிங் அரைத்தால் ஷிஃப்ட் முடிவதற்குள் அறிக்கை கொடுக்கிறவன், தன் காது இரைந்தபோது இருபத்து மூன்று நாள் சும்மா இருந்தான். இதுதான் நான் செய்த தவறு.

சரி, இந்த இரைச்சல் என்பது என்ன? முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காது இரைகிறவர்களுக்கெல்லாம் பெரிய நோய் என்று யாரும் பயப்படவேண்டாம். 1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், நன்றாகக் காது கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் உட்கார வைத்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். ஆக, அமைதியான இடத்தில் எப்போதாவது ஒரு ரீங்காரம் வந்து, சில நொடிகளில் போய்விட்டால் அது இயல்பு. காதுக் குரும்பி அடைத்தாலும் இரையும். அதை எடுத்தால் சரியாகிவிடும். இரைச்சல் என்பது நோயல்ல, ஓர் அறிகுறி. அதன் காரணம் சில சமயம் உட்செவியில் இருக்கும். அங்கேதான் காலம் முக்கியம்.

உட்செவியைப் பற்றி நமக்குச் சொல்லிக்கொடுத்தவரே ஓர் பொறியாளர் மாதிரியான மனிதர்தான். ஹங்கேரி நாட்டு கியார்க் வான் பெகசி. புடாபெஸ்டில் தபால் துறையின் ஆராய்ச்சிக்கூடத்தில் டெலிபோனைச் சீர்திருத்தும் வேலையில் இருந்தார். டெலிபோனைத் திருத்த வேண்டுமானால் காது எப்படி வேலை செய்கிறது என்று தெரியவேண்டுமே! இறந்தவர்களின் காது எலும்பைத் திறந்து, நாம் சுழலும் விசிறியைப் பார்க்கப் பயன்படுத்தும் அதே ஸ்ட்ரோபாஸ்கோப் வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில் ஒலி ஓர் அலையாக ஓடுவதைக் கண்டார். கீச்சென்ற ஒலி வாசலருகிலேயே உச்சம் காட்டி அடங்கும்; கனத்த ஒலி உள்கோடி வரை போகும். இதற்காக 1961-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

அந்தக் காக்ளியா ஒரு பட்டாணி அளவுதான். அதற்குள் ஏறத்தாழ 15,000 ரோம செல்கள். கண்ணில் ஒளியுணரும் செல்கள் கோடிக்கணக்கில் உண்டு. காதில் இவ்வளவுதான் இருப்பு. செத்தால் மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. இதற்கு உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடையாது தம்பிகளே!

சில செல்கள் செத்துவிட்டால் அந்தச் சுருதிக்கான தகவல் மூளைக்குப் போகாது. சத்தம் குறைந்தால் அமைதிதானே வரவேண்டும், இரைச்சல் ஏன் வருகிறது? பழைய ரேடியோவில் ஸ்டேஷன் இல்லாத இடத்துக்கு முள்ளைத் திருப்பிப் பாருங்கள். சிக்னல் இல்லை என்றதும் ரேடியோ தானாகவே பெருக்கத்தை ஏற்றிக்கொள்ளும். "ஷ்ஷ்" என்று இரையும். மூளையும் அப்படித்தான் செய்கிறது என்பது இன்று பல ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். சத்தம் மூளையில் கேட்கிறது. பழுது காதில் இருக்கிறது. பல நேரங்களில் காது மந்தமாவதை நாம் உணர்வதற்கு முன்பே இரைச்சல் வந்துவிடுகிறது. இதைவிட நல்ல எச்சரிக்கை மணி வேறு என்ன வேண்டும்?

எப்போது ஓடவேண்டும்? நான்கு சந்தர்ப்பங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எனக்கு வந்தது. ஒரு காது திடீரென்று, மூன்று நாளைக்குள், மந்தமாகிவிடுவது, கூடவே இரைச்சல். இதை மருத்துவர்கள் அவசர நிலையாகவே கருதுகிறார்கள். சிலருக்குத் தானாகவே திரும்பும். மருந்து கொடுத்தாலும் எல்லோருக்கும் திரும்பும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கவேண்டும் என்பதுதான் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம் 2019-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி சொல்வது. அதற்குப் பின் காதுக்குள் போடும் ஊசி ஒரு வழியாக இருக்கிறது. அதற்கும் ஆறு வாரம்தான் கணக்கு.

"காது அடைப்புக்கும் இதற்கும் எப்படி வித்தியாசம் தெரியும்?" என்று கேட்பீர்கள். இப்போதே ஒன்று செய்து பாருங்கள். எல்லோரும் வலது காதை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். எந்தப் பக்கம் அதிகமாகக் கேட்கிறது? அடைத்த பக்கம்தானே? குரும்பி, சளி என்று வழி அடைபட்டிருந்தால் இப்படித்தான், கெட்ட காதில்தான் முனகல் பெரிதாகக் கேட்கும். உட்செவியே பழுதாகியிருந்தால் நல்ல காதுப் பக்கம் தள்ளிவிடும். அந்த டாக்டர் இசைக்கவையால் பார்த்தது இதைத்தான். இது வீட்டில் தெரிந்துகொள்ள ஒரு குறிப்புதான். பரிசோதனைக்கு மாற்று அல்ல. காது மந்தமாகி, முனகல் நல்ல காதுக்குப் போனால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

இரண்டாவது, ஒரே காதில் மட்டும் விடாமல் இரைவது, அல்லது ஒரு காது மட்டும் மெல்ல மெல்ல மந்தமாவது. வயதானாலும் சத்தத்தில் வேலை செய்தாலும் பெரும்பாலும் இரண்டு காதும் சேர்ந்துதான் தேயும். ஒரு பக்கம் மட்டும் என்றால் ஏன் என்று கேட்கவேண்டும். அரிதாக, காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி வளரலாம். ஆண்டுக்கு லட்சத்தில் ஏறத்தாழ ஒருவருக்கு. புற்றுநோய் அல்ல, மெதுவாக வளர்வது. சிறியதாக இருக்கும்போதே தெரிந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம், கதிர்வீச்சு சிகிச்சை தரலாம், அறுவை என்றாலும் சிரமம் குறைவு. இதை உறுதியாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். எனக்கும் எடுத்தார்கள், அப்படி எதுவும் இல்லை.

மூன்றாவது, இரைச்சலோடு தலைசுற்றல். நம் ஊரில் தலை சுற்றினால் உடனே "பித்தம்" என்று இஞ்சிச் சாறு கொடுப்பார்கள். சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பும் இதே உட்செவியில், காக்ளியாவை ஒட்டியே இருக்கிறது. அங்கே கோளாறு வந்தால் அறையே சுழலும். இதை 1861-ல் பாரிஸில் எடுத்துச் சொன்னவர் ப்ராஸ்பெர் மெனியர் என்ற மருத்துவர். அதற்கு முன் அதை மூளைக் கோளாறு என்றே நினைத்தார்கள். மெனியர் நோயில் 20 நிமிஷம் முதல் பல மணி நேரம் வரை தலை சுற்றும், காது கும்மென்று அடைக்கும், இரையும், கனத்த ஒலிகள் கேட்காமல் போகும். பிறகு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். ஆரம்பக் கட்டத்தில், நன்றாக இருக்கும் நாளில் போய்ப் பரிசோதித்தால் எல்லாம் சரியாகவே காட்டலாம். ஆகவே எந்தத் தேதி, எவ்வளவு நேரம், எந்தக் காது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். நம் லாக் புக் மாதிரிதான்!

நான்காவது, சத்தமும் மருந்தும். எங்கள் ஆலையில் பால் மில் பகுதியில் 100 டெசிபலைத் தாண்டும். அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர், "பத்து வருஷமா காதுல சில்வண்டு கத்துது சார். வயசாச்சுல்ல" என்று சிரிப்பார். என் கதைக்குப் பிறகு அவரைக் கட்டாயப்படுத்தி அழைத்துப்போனேன். வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம். இரண்டு காதிலும்! அது வயதின் கையெழுத்து அல்ல, சத்தத்தின் கையெழுத்து.

ஏன் 4,000? கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பிகளே. காதுக் குழாய் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளம், ஒரு முனை செவிப்பறையால் மூடியது. ஒரு முனை மூடிய குழாய் அதன் நீளத்தைப் போல் நான்கு மடங்கு அலைநீளத்துக்கு ஒத்ததிரும். 10 செ.மீ. அலைநீளம் என்றால் 3,400 ஹெர்ட்ஸ். அந்த ஒலியைத்தான் காது பெருக்கி உள்ளே அனுப்புகிறது. அடி அதற்குச் சற்று மேலே விழுகிறது. பேச்சின் பெரும்பகுதி இதற்குக் கீழே இருப்பதால் பேசுவது கேட்கும். காது நன்றாக இருக்கிறது என்றே மனிதன் நம்புவான். இரைச்சல் மட்டும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆலைக்கே போகவேண்டாம். இயர்போன் போதும். 100 கோடிக்கும் அதிகமான இளைஞர்களின் காதுக்கு ஆபத்து இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் எச்சரித்தது. வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்பது அவர்கள் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு ஏறத்தாழ 4 மணி நேரம்தான். கச்சேரி, பட்டாசு முடிந்து வந்தபின் காது இரைந்தால், "இன்று அதிகமாகிவிட்டது" என்று காது சொல்கிறது என்று அர்த்தம்.

மருந்து விஷயம்: ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகளும், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் சிலருக்கு ரோம செல்களைக் கெடுக்கும். அவை உயிர் காக்கும் மருந்துகள், நீங்களாக நிறுத்தக்கூடாது. ஆனால் சிகிச்சை நடக்கும்போது காது இரைந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றவோ மருந்தை மாற்றவோ அவருக்கு வழி இருக்கலாம்.

என்ன பரிசோதனை செய்வார்கள் என்று சிலருக்குத் தயக்கம். ஒன்றும் வலிக்காது. ஒலி புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை மெல்லிய ஒலிகளை அனுப்புவார்கள். கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும். அதுதான் ஆடியோகிராம். இன்னொன்று, காதே எழுப்பும் ஒலியைக் கேட்பது. காதுக்கும் வாய் உண்டா என்று சிரிக்காதீர்கள்! நல்ல நிலையில் உள்ள ரோம செல்கள் தாமே மெல்லிய ஒலி எழுப்புகின்றன என்று 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலாளர் ஒரு மைக்ரோபோனை வைத்துக் கண்டுபிடித்தார். சில சமயம் ஆடியோகிராமில் குறை தெரிவதற்கு முன்பே இந்த ஒலி குறைந்துவிடும். இந்தச் சோதனையைப் பிறந்த குழந்தைக்கும் செய்யலாம். நம் பேராசிரியரின் ஸ்க்ரூ டிரைவர் வைத்தியம்தான் இது!

எல்லாம் பார்த்து, ஆபத்து ஒன்றும் இல்லை, இரைச்சல் மட்டும் போகவில்லை என்றால்? அதை அப்படியே அழிக்கும் மாத்திரை இன்று இல்லை. அப்படிச் சொல்லி விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். கேட்புத்திறன் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவி பலருக்கு இரைச்சலையும் தணிக்கிறது. மனப்பயிற்சி சிகிச்சை, அதனால் வரும் தவிப்பைக் குறைக்கிறது. இந்த நிமிஷமும் என் காது இரைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால் பயம் போய்விட்டது. பயம் போனதும் தூக்கம் வந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த டாக்டர் என்னிடம், "இதுக்கு முன்னாடி எடுத்த ஆடியோகிராம் இருக்கா?" என்று கேட்டார். என் வலது காதிலும் 4,000 ஹெர்ட்ஸில் ஒரு சிறு பள்ளம் இருந்தது. அது பழையதா, புதியதா, வளர்கிறதா என்று பார்க்கத்தான் கேட்டார். என் ஆலையில் ஒவ்வொரு விசிறிக்கும், அது முதன்முதலில் ஓடிய நாளின் அதிர்வுப் பதிவு என்னிடம் இருக்கிறது. என் காதுக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

நம் பிள்ளைகள் பட்டம் வாங்கி ஆலைக்கும், கட்டுமானத் தளத்துக்கும், ஹெட்போன் மாட்டும் அலுவலகத்துக்கும் போகிறார்கள். போகும்போது சான்றிதழ்களோடு தங்கள் காதின் முதல் பதிவையும் எடுத்துக்கொண்டு போகட்டும். அடுத்த ஆண்டுக் கூடுகையில், பக்கத்திலுள்ள ஒரு மருத்துவக் கல்லூரியின் உதவியோடு இறுதியாண்டு மாணவர்களுக்கும் விரும்பும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு கேட்புத்திறன் பரிசோதனை முகாம் நடத்தச் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கான முதல் நன்கொடையைச் செயலாளர் அண்ணனிடம் காலையிலேயே கொடுத்துவிட்டேன். ஆகையால் அவர் மறுக்க முடியாது!

பேரிங் அரைத்தால் இயந்திரத்தை நிறுத்துகிறோம். காது இரைந்தால் நாமும் ஒரு நாள் நிற்போம். அந்த ஒரு நாள் லீவு, ஆயுள் முழுக்கக் கேட்கும் காதை மிச்சப்படுத்தலாம்.

 சாப்பாட்டுப் பந்தியில் யாராவது என்னோடு பேச விரும்பினால், தயவுசெய்து என் வலது பக்கம் வந்து உட்காருங்கள்.